உலக ஐஸ் ஹாக்கி: ஸ்கோரோடு எத்தனை நிமிடம் என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் மே மாதம் ஆடவர் உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் நடக்கும்போது நம் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரிச் செய்தி ஒன்று வரும். இன்ன அணி 3-2 என்ற கோல் கணக்கில் வென்றது என்பதோடு முடிந்துவிடும். இடப் பற்றாக்குறை புரிகிறது. ஆனால் இந்தப் போட்டியில் 3-2 என்பது 60 நிமிடத்துக்குள் வந்ததா, கூடுதல் நேரத்தில் வந்ததா, ஷூட்-அவுட்டில் (வீரர்கள் ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரைத் தனியே எதிர்கொண்டு அடிப்பது) வந்ததா என்று சொல்லாவிட்டால் அது பாதிச் செய்திதான். மூன்றுக்கும் புள்ளி வேறு. அதைத் தெரியாமல் மறுநாள் பட்டியலைப் பார்க்கும் வாசகர், ஒரே எண்ணிக்கையில் வென்ற இரண்டு அணிகளில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் ஏன் இருக்கின்றன என்று குழம்பத்தான் செய்வார்.

முதலில் போட்டியின் அமைப்பு. மொத்தம் 16 அணிகள், எட்டெட்டாக இரண்டு பிரிவுகள். 2012 முதல் இதே முறைதான். ஒவ்வொரு அணியும் தன் பிரிவிலுள்ள மற்ற ஏழு அணிகளோடும் ஒருமுறை ஆடும். பிரிவுக்கு 28 வீதம் 56 லீக் ஆட்டங்கள். அதன்பின் பிரிவுக்கு முதல் நான்கு அணிகள் ஆடும் நான்கு காலிறுதி, இரண்டு அரையிறுதி, வெண்கலப் பதக்க ஆட்டம், இறுதி ஆட்டம். ஆக 64. ஒரு ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பீரியட். 'முதல் பாதி', 'இரண்டாம் பாதி' என்று சில செய்திகளில் வருவது கால்பந்து எழுதிய கைப்பழக்கம். இந்த ஆட்டத்தில் பாதி கிடையாது.

புள்ளிக் கணக்கு 2007இல் மாறியது. அதற்கு முன் லீக் சுற்றில் சமநிலை உண்டு. இப்போது இல்லை. 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி, தோற்ற அணிக்கு ஒன்றுமில்லை. 60 நிமிடம் முடிந்தும் சமமாக இருந்தால் இரு அணிக்கும் தலா ஒரு புள்ளி உறுதி. கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ வெல்லும் அணிக்கு மேலும் ஒன்று. அதாவது வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. எப்படி முடிந்தாலும் ஒரு ஆட்டத்திலிருந்து பட்டியலுக்குள் போவது மூன்று புள்ளிதான். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் அப்படியல்ல. அங்கே எந்த வெற்றிக்கும் 2, கூடுதல் நேரத்தில் தோற்றவருக்கு 1; எனவே சில ஆட்டங்கள் இரண்டு புள்ளியும் சில ஆட்டங்கள் மூன்று புள்ளியும் தரும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டால் பட்டியல் முழுவதும் பிசகிவிடும்.

ஆகவே அச்சிடும் பட்டியலில் வெற்றி, தோல்வி, டிரா என்று மூன்று கட்டம் போட்டுப் பயனில்லை. வெற்றி, கூடுதல் நேர வெற்றி, கூடுதல் நேரத் தோல்வி, தோல்வி என்று நான்கு கட்டம் வேண்டும். ஷூட்-அவுட் முடிவையும் கூடுதல் நேரக் கட்டத்திலேயே சேர்த்துவிடலாம், புள்ளி ஒன்றுதானே. சரிபார்ப்பதும் சுலபம். நான்கு கட்டங்களையும் முறையே 3, 2, 1, 0 ஆல் பெருக்கிக் கூட்டினால் மொத்தப் புள்ளி வர வேண்டும். பிரிவின் எட்டு அணிகளின் புள்ளிகளையும் கூட்டினால் அதுவரை நடந்த ஆட்டங்களின் எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு வர வேண்டும். லீக் முடிந்த நாளில் 84. வராவிட்டால் எங்கோ ஒரு கூடுதல் நேர ஆட்டம் தவறான கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஒரு புள்ளி எவ்வளவு பெறும் என்பதற்கு 2021இல் லாத்வியாவின் ரீகாவில் கனடா ஆடியதைக் காட்டலாம். முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி: லாத்வியாவிடம் 0-2, அமெரிக்காவிடம் 1-5, ஜெர்மனியிடம் 1-3. அடுத்த மூன்றிலும் வெற்றி: நார்வேயை 4-2, கஜகஸ்தானை 4-2, இத்தாலியை 7-1. இதுவரை 9 புள்ளி. கடைசி ஆட்டத்தில் பின்லாந்திடம் 2-3 என்று தோற்றது, ஆனால் ஷூட்-அவுட்டில். தோற்ற அந்த ஆட்டம் கொடுத்த ஒரு புள்ளியால் மொத்தம் 10 ஆனது. கஜகஸ்தானும் 10. நேருக்கு நேர் ஆட்டத்தில் கனடா வென்றிருந்ததால் நான்காம் இடம் அதற்கு. பின்லாந்திடம் 60 நிமிடத்துக்குள்ளேயே தோற்றிருந்தால் 9 புள்ளியோடு ஊர் திரும்பியிருக்கும்.

கதை அதோடும் முடியவில்லை. அன்றைய கடைசி ஆட்டம் ஜெர்மனிக்கும் லாத்வியாவுக்கும். இருவரிடமும் 9 புள்ளி. ஜெர்மனி 60 நிமிடத்துக்குள் 2-1 என்று வென்றதால் லாத்வியா 9இலேயே நின்றது. அந்த ஆட்டம் 60 நிமிட முடிவில் சமமாகி, லாத்வியா கூடுதல் நேரத்தில் தோற்றிருந்தால்கூட அதற்கு ஒரு புள்ளி கிடைத்து, கனடா, கஜகஸ்தான், லாத்வியா மூன்றும் 10இல் நின்றிருக்கும். அப்போது அந்த மூவரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்து ஒரு சின்னப் பட்டியல் போட வேண்டும். லாத்வியா கனடாவை வென்றது: 3. கனடா கஜகஸ்தானை வென்றது: 3. கஜகஸ்தான் லாத்வியாவை 3-2 என்று ஷூட்-அவுட்டில் வென்றது: கஜகஸ்தானுக்கு 2, லாத்வியாவுக்கு 1. ஆக லாத்வியா 4, கனடா 3, கஜகஸ்தான் 2. காலிறுதிக்கு லாத்வியா போயிருக்கும். முன்பு எப்போதோ நடந்த ஒரு ஷூட்-அவுட் தோல்வியில் கிடைத்த ஒற்றைப் புள்ளிதான் அங்கே தராசைச் சாய்த்திருக்கும். நடந்தது வேறு. கனடா காலிறுதியில் ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி என்ற பெயரில் ஆடிய ரஷ்யர்களைக் கூடுதல் நேரத்தில் 2-1, அரையிறுதியில் அமெரிக்காவை 4-2, இறுதியில் அதே பின்லாந்தைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது.

சமநிலை உடைக்கும் முறையில் அடிக்கடி நேரும் தவறு, ஒட்டுமொத்த கோல் வித்தியாசத்தைப் பார்த்து இடம் போடுவது. இத்தாலியை ஏழு கோல் போட்டு அடித்தது இங்கே நேரடியாக உதவாது. இரண்டு அணிகள் மட்டும் சமமாக இருந்தால் அவர்களுக்குள் நடந்த ஆட்டத்தின் முடிவுதான் தீர்ப்பு. டிரா என்பதே இல்லாததால் எப்போதும் ஒரு விடை கிடைக்கும். மூன்றோ அதற்கு மேலோ சமமானால் அவர்களுக்குள் எடுத்த புள்ளி, பிறகு அவர்களுக்குள் கோல் வித்தியாசம், பிறகு அவர்களுக்குள் போட்ட கோல்கள். இடையில் எந்தப் படியிலாவது ஓர் அணி பிரிந்துபோய் இரண்டு அணிகள் மிஞ்சினால் உடனே மறுபடி நேருக்கு நேர் முடிவுக்குத் திரும்பிவிட வேண்டும். இதையெல்லாம் தாண்டியும் சமமென்றால், அந்தக் கூட்டத்துக்கு வெளியே பட்டியலில் அவர்களுக்கு நெருக்கமாக மேலே இருக்கும் அணியோடு ஒவ்வொருவரும் ஆடிய முடிவை ஒப்பிடுவார்கள்.

கூடுதல் நேரமும் ஒரே மாதிரியானதல்ல. லீக் ஆட்டத்தில் ஐந்து நிமிடம். காலிறுதி, அரையிறுதி, வெண்கல ஆட்டத்தில் பத்து நிமிடம். இவற்றில் கோல் விழாவிட்டால் ஷூட்-அவுட். இறுதி ஆட்டத்தில் மட்டும் ஷூட்-அவுட் கிடையாது; 20 நிமிடப் பீரியடாக, யாராவது கோல் போடும்வரை ஆடியே ஆக வேண்டும். இந்த மாற்றம் 2019இல் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் உலகப் பட்டமே ஷூட்-அவுட்டில் முடிந்திருந்தது: 2017இல் கொலோனில் ஸ்வீடன் கனடாவை 2-1, 2018இல் கோபன்ஹேகனில் அதே ஸ்வீடன் சுவிட்சர்லாந்தை 3-2. பதினேழு நாள் குழுவாக ஆடிவிட்டு ஒருவருக்கு ஒருவர் என்று முடிப்பது பலருக்கும் உறுத்தியது; மாற்றியது சரி என்றே தோன்றுகிறது. அதன்பின் 2021, 2022, 2025 என மூன்று இறுதிப் போட்டிகள் கூடுதல் நேரத்துக்குப் போயின. மூன்றிலும் ஆடி எடுத்த கோல்தான் பட்டத்தைத் தந்தது.

எல்லாக் கூடுதல் நேரத்திலும் கோல்கீப்பர் நீங்கலாகப் பக்கத்துக்கு மூன்று பேர்தான் இறங்குவார்கள்; வழக்கமான ஆட்டத்தில் ஐந்து பேர். 60 மீட்டர் நீளம், 26 முதல் 30 மீட்டர் அகலமுள்ள ரிங்க் (பனித்தளம்) அப்படியே இருக்க, ஆள் மட்டும் குறைவதால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடுகிறது. அப்போது பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை) தன் வசம் வைத்திருப்பதே பெரிய காப்பு. கோலை நோக்கிப் பாதி மனசோடு அடித்துத் தவறவிட்டால் பக் எதிரணி கைக்குப் போய், இரண்டு பேர் ஒருவரை நோக்கி விரையும் நிலை வந்துவிடும். அதனால்தான் நல்ல அணிகள் கிட்ட வந்தும் அடிக்காமல் நடுப்பகுதிக்குத் திரும்பி, ஆள் மாற்றிக்கொண்டு மறுபடி வருகின்றன. பார்ப்பவருக்குச் சலிப்பாக இருக்கலாம், பயமல்ல அது. இந்த நேரத்தில் ஒருவர் பெனால்டி (தவறுக்காகச் சில நிமிடம் வெளியே உட்காரும் தண்டனை) வாங்கினால் மூன்று பேர் இரண்டாகக் குறைவதில்லை. எதிரணிக்கு நான்காவது ஆள் சேர்த்துக் கொடுக்கப்படும். 2022இல் தன் நாட்டின் தம்பெரேயில் பின்லாந்து தங்கம் வென்றது இப்படித்தான். 3-1 என்று முன்னிலையில் இருந்த பின்லாந்தைக் கடைசி இரண்டரை நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டு கனடா சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் கனடா ஒரு பெனால்டி வாங்க, நால்வர் எதிர் மூவர் ஆட்டத்தில் சக்காரி மன்னினென் அடித்த கோலில் 4-3.

ஷூட்-அவுட்டில் முதலில் பக்கத்துக்கு ஐந்து பேர். அதிலும் சமமென்றால் ஒவ்வொரு முறையாகத் தொடரும். அப்போது அடித்தவரே திரும்பத் திரும்ப அடிக்கலாம். இந்த விதியைப் பயன்படுத்தித்தான் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக அமெரிக்காவின் டி.ஜே. ஓஷி ஆறு முறை வந்து நான்கு கோல் போட்டார். செய்தி எழுதுபவர் கவனிக்க வேண்டியது இது: ஷூட்-அவுட்டில் எத்தனை முறை பக் வலைக்குள் போனாலும் இறுதி ஸ்கோரில் ஒன்று மட்டுமே கூடும். 2-2இல் முடிந்த ஆட்டம் 3-2 ஆகும், 5-4 ஆகாது. அந்தக் கோல் வீரரின் கோல் கணக்கில் சேராது. எதிரணி கோல்கீப்பர் விட்ட கோலாகவும் எழுதப்படாது.

அடுத்தது காலி வலைக் கோல். 2024 பிராக் இறுதிப் போட்டியில் செக் அணி சுவிட்சர்லாந்தை 2-0 என்று வென்றது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் செக் அணி நிம்மதியாக ஆடியதாகத் தோன்றும். உண்மையில் மூன்றாவது பீரியட் பாதி ஆகும்வரை கோலே இல்லை. டேவிட் பாஸ்டர்நாக் ஒன்று போட்டார். கடைசி நிமிடத்தில் சுவிஸ் அணி கோல்கீப்பரை வெளியே அழைத்து ஆறாவது ஆளை இறக்கியது. அப்போது ஆளில்லாத வலைக்குள் டேவிட் காம்ப் தள்ளியதுதான் இரண்டாவது. ஸ்கோருக்குப் பக்கத்தில் 'கா.வ.' என்று இரண்டு எழுத்து போட்டால் வாசகருக்கு ஆட்டம் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்று தெரிந்துவிடும்.

கோல்கீப்பரை எடுப்பது கண்மூடித்தனமான சூதாட்டம் அல்ல. ஒரு கோல் பின்தங்கியிருந்தால் பொதுவாகக் கடைசி இரண்டு நிமிடத்தில், இரண்டு கோல் என்றால் இன்னும் முன்பே எடுப்பார்கள். பக் தங்கள் வசம், அதுவும் எதிரணிப் பகுதியில் இருக்கும்போதுதான் அவரை அழைக்க வேண்டும். பெரும்பாலும் இது கெடுவது ஃபேஸ்-ஆஃபில் (நடுவர் போடும் பக்குக்காக இருவர் மோதி ஆட்டத்தைத் தொடங்குவது): அதைத் தோற்றால் எதிரணிக்குப் பக் நேராகக் கிடைத்துவிடும். முன்னிலையில் இருக்கும் அணிக்கும் ஆபத்து உண்டு. முழு ஆள்பலத்தோடு இருக்கும்போது தன் பாதியிலிருந்து வலையைக் குறிவைத்து அடித்து, அது வலைக்கு வெளியே போய்விட்டால் ஐசிங் என்ற விதிமீறல். ஃபேஸ்-ஆஃப் தன் கோலுக்கு அருகிலேயே வரும். களைத்துப்போன அந்த ஐந்து பேரையும் மாற்றவும் முடியாது. கடைசி நிமிடத்தில் சமன் செய்யும் கோல்கள் பல இப்படிக் கிடைத்த ஃபேஸ்-ஆஃபிலிருந்தே வருகின்றன. பெனால்டியால் ஆள் குறைந்து ஆடும் அணிக்கு மட்டும் ஐசிங் கிடையாது. லீக்கின் கடைசி நாளில் மூன்று புள்ளி கிடைத்தால்தான் காலிறுதி என்ற நிலையில் இருக்கும் அணி, ஸ்கோர் சமமாக இருக்கும்போதே கோல்கீப்பரை எடுக்கும் விநோதமும் நேரலாம். பயிற்சியாளருக்குப் பித்துப் பிடித்ததாக எழுதிவிடாமல் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது பீரியடில் கோல் கூடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. வீரர்கள் அமரும் பெஞ்ச் இடம் மாறாது. அணிகள் மட்டும் பக்கம் மாறும். அதனால் முதல், மூன்றாம் பீரியடுகளில் தற்காக்கும் பகுதிக்கு அருகே இருந்த பெஞ்ச், இரண்டாவதில் தொலைவில் போய்விடும். எதிரணி விடாமல் நெருக்கும்போது ஐம்பது, அறுபது விநாடி ஆடிக் களைத்தவர்கள் பெஞ்சுக்கு ஓடி ஆள் மாற்ற வழியில்லாமல் மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் அவசரப்பட்டுப் பாதி வழியில் திரும்பினால் அந்தப் பக்கம் திறந்துவிடும்.

அணிப் பட்டியல் விஷயத்தில் நம் செய்திகள் தொடக்க நாளில் ஒரு நட்சத்திரப் பட்டியலைப் போட்டுவிட்டு அதையே கடைசிவரை நம்புகின்றன. ஒரு அணி 25 பேரைப் பதிவு செய்யலாம்: மூன்று கோல்கீப்பர்கள், 22 ஆட்டக்காரர்கள். ஒரு ஆட்டத்துக்கு அதிலிருந்து 20 ஆட்டக்காரர்களும் இரண்டு கோல்கீப்பர்களும். ஆனால் 25 இடத்தையும் முதல் நாளே நிரப்ப வேண்டியதில்லை. காரணம், இதே மே மாதத்தில்தான் என்.எச்.எல். பிளே-ஆஃப் (தோற்றவர் வெளியேறும் இறுதிக்கட்டச் சுற்றுகள்) நடக்கிறது. அங்கே ஒவ்வொரு சுற்று முடியும்போதும் தோற்ற கிளப்புகளின் வீரர்கள் விடுபட்டு விமானம் ஏறுவார்கள். பதிவு செய்த ஒருவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொருவரைப் போட முடியாது என்பதால், அனுபவமுள்ள மேலாளர்கள் இரண்டு மூன்று இடங்களைக் காலியாகவே வைத்திருப்பார்கள். நிரப்பாமல் காத்திருந்து, எதிர்பார்த்த கிளப் வென்றுகொண்டே போய்விட்டால் கடைசியில் ஆள் குறைவாக ஆட நேரும். அதுதான் இதிலுள்ள ஆபத்து. மீண்டும் 2024: பாஸ்டன் அணி மே 17 அன்று பிளே-ஆஃபிலிருந்து வெளியேறியது. அதில் ஆடிய பாஸ்டர்நாக், பாவெல் சாக்கா இருவரும் பிராகுக்கு வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவுடனான காலிறுதி 1-0. அந்த ஒரே கோல் சாக்கா போட்டது. இறுதியில் வெற்றிக் கோல் பாஸ்டர்நாக்குடையது. தொடக்கத்தில் அணியில் இல்லாத இரண்டு பேர் தங்கத்துக்கு வழி திறந்தார்கள். எனவே காலிறுதிக்கு முந்தைய நாள் அணிப் பட்டியலை மறுபடி ஒருமுறை சரிபார்த்துப் போடுவது, தொடக்க நாள் பட்டியலைவிட வாசகருக்கு அதிகம் பயன்படும்.

காலிறுதியில் பிரிவுகள் குறுக்கே மோதும்: ஒரு பிரிவின் முதலிடம் மற்றதன் நான்காம் இடத்தோடு, இரண்டாமிடம் மூன்றாமிடத்தோடு. அரையிறுதிக்கு வரிசை முன்கூட்டியே வரையப்பட்டதல்ல. ஜெயித்த நான்கு அணிகளையும் லீக் நிலைப்படி மறுபடி அடுக்கி, மேலே உள்ளதற்குக் கீழே உள்ளதைக் கொடுப்பார்கள். கால்பந்து உலகக் கோப்பை மாதிரி அம்புக்குறி போட்ட கட்ட அட்டவணையை முன்பே அச்சிட்டால் அது தவறாகிவிடும். இரண்டு நகரங்களில் நடக்கும் போட்டியில் காலிறுதிக்காகச் சில அணிகள் நகரம் மாற வேண்டியும் வரும். 2025இல் ஸ்டாக்ஹோமில் தன் பிரிவில் முதலிடம் பிடித்த கனடா, நான்காமிடத்தில் வந்த டென்மார்க்கோடு மோத அந்நாட்டு ஹெர்னிங்குக்குப் பயணப்பட்டது. என்.எச்.எல். நட்சத்திரங்களான சிட்னி கிராஸ்பியும் நேதன் மெக்கின்னனும் இருந்த அணி அது. மூன்றாவது பீரியடின் கடைசி மூன்று நிமிடம் வரை கனடா 1-0. நிகோலாய் எலர்ஸ் சமன் செய்தார். 49 விநாடி மிச்சமிருக்கும்போது நிக் ஓலசன் இரண்டாவதைப் போட்டார். டென்மார்க் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. இந்தக் கோல் ஆட்டத் தாளில் (ஆட்டத்தின் அதிகாரபூர்வப் பதிவு) 59:11 என்று இருக்கும். தாளில் நேரம் தொடக்கத்திலிருந்து ஏறுமுகமாக எழுதப்படும். சில ஒளிபரப்புகளில் கடிகாரம் இறங்குமுகமாக ஓடும். திரையிலுள்ள 0:49ஐப் பார்த்துவிட்டு 'பீரியட் தொடங்கிய 49ஆவது விநாடியில்' என்று எழுதிவிடும் விபத்து இதனால்தான்.

பட்டியலின் அடிப்பகுதியையும் நாம் விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு பிரிவிலும் கடைசி அணி அடுத்த நிலைப் போட்டியான டிவிஷன் 1ஏ-க்கு இறங்கும்; அங்கே ஆறு அணிகள் ஆடி முதல் இரண்டு மேலே வரும். 2025இல் பிரான்ஸும் கஜகஸ்தானும் இறங்கின, பிரிட்டனும் இத்தாலியும் ஏறின. ஏழாவது இடமா எட்டாவது இடமா என்பதைத் தீர்க்கும் ஆட்டம் பல ஆண்டுகளில் முதலிடத்துக்கான ஆட்டத்தைவிடச் சூடாக இருக்கும். ஐந்தாவது, ஆறாவது இடங்களும் வெறும் எண் அல்ல. இறுதி வரிசை உலகத் தரவரிசைக்குப் புள்ளியாகிறது; நடப்பு ஆண்டுக்கு முழு மதிப்பு, முந்தைய ஆண்டுகளுக்கு 75, 50, 25 சதவீதம். அந்தத் தரவரிசைதான் அடுத்தடுத்த ஆண்டுகளில் எந்தப் பிரிவில் யாரோடு விழுவது என்பதைத் தீர்மானிக்கிறது. முதலிடத்துக்காரர் ஒரு பிரிவு, இரண்டும் மூன்றும் மறு பிரிவு, நான்கும் ஐந்தும் மறுபடி முதல் பிரிவு என்று பாம்பு வளைவாகப் பிரிப்பார்கள். நடத்தும் நாடுகளுக்காகச் சிறு மாற்றம் செய்வதுண்டு. 2022 முதல் ரஷ்யாவும் பெலாரஸும் தடையால் ஆடவில்லை. அவை தரமிறங்கியதாக எழுதுவது தவறு.

கோல்கீப்பர் புள்ளிவிவரம் பற்றிச் சுருக்கமாக. தடுத்த சதவீதம் என்பது தடுத்ததை வந்த ஷாட்டால் வகுத்தது; 25 ஷாட்டில் 2 கோல் என்றால் 92.00. கம்பத்தில் பட்டுத் திரும்பியதும், தற்காப்பு வீரர் குறுக்கே விழுந்து நிறுத்தியதும் ஷாட் கணக்கில் வராது. கோல் சராசரியை ஆட்ட எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. விட்ட கோலை 60 ஆல் பெருக்கி, அவர் உண்மையில் நின்ற நிமிடங்களால் வகுக்க வேண்டும். 65 நிமிடம் நின்று 3 கோல் விட்டால் 2.77, மூன்று அல்ல. காலி வலைக் கோல் அவர் கணக்கில் ஏறாது. அவர் வெளியே இருந்த நிமிடங்களும் கழியும். ஏழெட்டு ஆட்டம் மட்டுமே உள்ள தொடரில் பவர் பிளே (எதிரணி பெனால்டியால் ஆள் குறைந்து ஆடும் நேரம்) சதவீதத்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வர வேண்டாம். ஒன்றிரண்டு கோலிலேயே அது தலைகீழாகும். அதைவிட எத்தனை பவர் பிளேயில் எத்தனை கோல் என்று '20க்கு 6' போல எழுதுவது நேர்மையானது.

கடைசியாக வரலாற்றுக் கணக்கு. 2025இல் அமெரிக்கா வென்றபோது '1933க்குப் பிறகு முதல் தங்கம்' என்றும் '1960க்குப் பிறகு' என்றும் இரு விதமாகச் செய்திகள் வந்தன. இரண்டுக்கும் அடிப்படை இருக்கிறது. 1920 முதல் 1968 வரை ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியே அந்த ஆண்டின் உலகச் சாம்பியன்ஷிப்பாகவும் கணக்கிடப்பட்டது. எனவே 1960 ஸ்குவா வேலி ஒலிம்பிக் தங்கம் உலகப் பட்டமும்கூட. தனியாக நடத்தப்பட்ட உலகப் போட்டி என்று பார்த்தால், 1933இல் பிராகில் கனடாவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றதுதான் முந்தையது. ஆனால் எல்லோருக்கும் நினைவிலிருக்கும் 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக் தங்கம் இதில் சேராது. 1980, 1984, 1988 ஆகிய ஒலிம்பிக் ஆண்டுகளில் உலகச் சாம்பியன்ஷிப் நடக்கவே இல்லை. இதே போல கனடாவின் 28 பட்டங்களுக்கு அடுத்து ரஷ்யாவுக்கு 27 என்று எழுதும்போது, அது சோவியத் யூனியனின் 22ம் ரஷ்யாவின் 5ம் சேர்ந்தது என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். செக் அணியின் 13இல் ஆறு செக்கோஸ்லோவாக்கியா காலத்தவை.

இவ்வளவையும் தினமும் எழுத முடியாதுதான். ஒரு முடிவுக்கு ஒரே வரி போதும், அதில் நான்கு விவரம் இருந்தால் சரி: எந்தச் சுற்று, ஸ்கோர், எப்படி முடிந்தது, வெற்றிக் கோலை யார் எப்போது போட்டார். 2025 இறுதிப் போட்டியை இப்படிப் போட்டிருக்கலாம்:

இறுதி, ஸ்டாக்ஹோம்: அமெரிக்கா 1 – சுவிட்சர்லாந்து 0 (கூ.நே.). கோல்: டேஜ் தாம்சன் 62:02.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்